ஆறாம் கேமராவில் வலது பக்கம்

கேமராக்காரன் ஒரு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். எந்தக் கேமராவை மாட்டினாலும், ஓர் ஆளை அதன் முன்னால் நடக்க வைத்துப் பார்த்த பிறகுதான் ஏணியை மடிப்பான். "வலது பக்கம் திரும்புங்க, இப்ப இடது பக்கம், கையைத் தூக்குங்க" என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கத்துவான். நடக்கிறவர் கடை முதலாளியாக இருந்தாலும் சரி, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்தாலும் சரி, அவன் சொன்ன பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். ஒரு தலைமை ஆசிரியர், "நான் மத்தவங்களைத் திரும்பச் சொல்லித்தான் பழக்கம்" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பியிருக்கிறார். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு கேமராவுக்கு மட்டும் அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டான். அது அவனுடைய மச்சான் வேலை பார்த்த இடத்தில்.

மச்சான் அவன் மனைவியின் அண்ணன். ஒரு பார்சல் கம்பெனியின் கிடங்கில் பதினோரு வருஷமாகப் பார்சல் பிரிக்கிற வேலை. விரலை வாயில் வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். சொத்து, படிப்பு, பேச்சு என்று எதிலும் அவருக்குப் பெருமை கிடையாது; ஞாபகசக்தி ஒன்றில்தான் பெருமை. எந்தத் தெருவில் எந்த எண் வீட்டுக்குப் போன வருஷம் என்ன பார்சல் போனது என்று கேட்டால் தலையைச் சொறியாமல் சொல்வார். சொந்தக்காரர்கள் ஒன்றுகூடினால் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, தங்கள் பிள்ளைகள் எந்தக் கிழமை பிறந்தார்கள் என்று கேட்டுச் சோதிப்பார்கள். பெற்றவர்களுக்கே மறந்துபோன கிழமையை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கிடங்கில் கேமரா மாட்டப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அவர் நேராக மேனேஜரிடம் போனார். தனக்காக ஒரு நாள் லீவு கேட்கக்கூடத் தயங்குகிறவர், "என் தங்கச்சி வீட்டுக்காரர் இருக்கார் சார். கையும் சுத்தம், வேலையும் சுத்தம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதுவரை கேமராக்காரன் சின்னச் சின்னக் கடைகளுக்கும் வீட்டு வாசல்களுக்கும் இரண்டு, மூன்று என்று மாட்டிக்கொண்டிருந்தவன். ஒரே இடத்தில் எட்டுக் கேமரா என்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

மூன்று நாள் வேலை. சுவரோரமாக வயர் இழுத்தான். மேனேஜர் அறையில் இரும்பு அலமாரியின் மேல் பதிவுப் பெட்டியை வைத்தான். பெட்டிக்குள் முப்பது நாள் படம் தங்கும். முப்பத்தோராவது நாள் புதியது வந்து பழையதை அழித்துவிடும். அதையெல்லாம் மேனேஜருக்கு இரண்டு தடவை விளக்கினான். அவர் இரண்டு தடவையும் தலையாட்டிவிட்டு, "எல்லாம் சரி, எதாவது ஆச்சுன்னா நீங்களே வந்து பாத்துக் கொடுத்துடுங்க" என்றார். கேமரா முன்னால் நடந்து காட்டும் வேலையை மச்சான் எடுத்துக்கொண்டார். வாசலில் நடந்தார், எடை மேடையில் நடந்தார், லாரி நிற்கும் இடத்தில் நடந்தார். "நல்லா விழறேனா மாப்ள?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். கல்யாணப் போட்டோ எடுக்கிறபோதுகூட அவர் அவ்வளவு ஆசையாக நின்றதில்லை.

ஆறாவது கேமரா உள்நடைக்கு, அதாவது அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள குறுகலான வழிக்கு. அலுவலகத்திலிருந்து அதற்குள் நடந்தால் வலது கைப் பக்கம் பாத்ரூம், இடது கைப் பக்கம் விலையுயர்ந்த பார்சல்களை வைக்கும் அறை. அதற்கு ஸ்ட்ராங் ரூம் என்று பெரிய பெயர். சாவி என்னவோ பக்கத்திலேயே ஓர் ஆணியில் தொங்கும். இரண்டு கதவும் சுவருக்குள் அடங்கி இருந்ததால் கேமராவில் கதவு தெரியாது. ஆள் ஒரு பக்கமாகத் திரும்பி மறைவது மட்டும்தான் தெரியும். கேமராவை நடையின் கடைசிச் சுவரில், வருகிறவரின் முகத்தைப் பார்க்கும்படி வைத்தான். அங்கே தண்ணீர்க் குழாய் குறுக்கே ஓடியதால் நேராக மாட்ட இடமில்லை. தலைகீழாகத் தொங்கவிட்டான்.

கேமரா தலைகீழாக இருந்தால் படமும் தலைகீழாக வரும். அதைச் சரிசெய்யப் பெட்டியின் மெனுவில் வழி உண்டு: படத்தை மேல்கீழாகத் திருப்பலாம், இடவலமாகவும் திருப்பலாம். தலைகீழாகத் தொங்கும் கேமராவுக்கு இரண்டையுமே செய்ய வேண்டும். அவன் மேல்கீழை மட்டும் மாற்றினான். திரையில் தரை கீழே வந்தது, கூரை மேலே போனது. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகவும் வலம் இடமாகவும் நின்றுவிட்டது.

மச்சான் நடந்து காட்டியிருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தயாராகத்தான் நின்றார். ஆனால் கூட்டித் துடைக்கிற அம்மா அப்போதுதான் நடையைத் துடைத்து முடித்திருந்தாள்.

"ஈரம் காயிற வரைக்கும் ஒருத்தரும் காலை வைக்கக் கூடாது. இடுப்பு ஒடியத் தொடைச்சிருக்கேன்" என்றாள்.

"காஞ்ச பிறகு நடக்கட்டுமா மாப்ள?" என்று மச்சான் கேட்டார்.

"பரவாயில்ல மச்சான். தரை கீழ இருக்கு, கூரை மேல இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் கேமராக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஏழு மாதம் எந்தக் குறையும் இல்லை. ஆள் இல்லாத நடையை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்? எட்டாவது மாதம் ஒரு பார்சல் காணாமல் போனது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஏதோ ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டிய லென்ஸ். ஒன்றே முக்காலுக்கு அதை ஸ்ட்ராங் ரூமில் தன் கையாலேயே வைத்ததாக மேனேஜர் சொன்னார். இரண்டேகாலுக்கு எடுக்கப் போனால் இல்லை. வாசலில் லாரி வந்து நின்றதால் அந்த அரை மணி நேரமும் எல்லாரும் முன்பக்கம் இருந்தார்கள். மேனேஜர் கேமராக்காரனுக்குப் போன் செய்தார்.

அவன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் மேனேஜர் நின்றார். யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வதற்கு மேனேஜர் மச்சானைத்தான் கூப்பிட்டிருந்தார். ஞாபகத்துக்குப் பேர்போனவர் அல்லவா? அவரும் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மேனேஜர் பார்சலை வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வந்தது ஒன்று ஐம்பதுக்கு என்பதால், ஆறாவது கேமராவை அங்கிருந்து ஓட விட்டான். நடை வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு ஓர் ஆள் வந்தார். தோளில் பை. மச்சானேதான். கேமராவை நோக்கி நடந்து வந்தார், படத்தின் வலது பக்கம் திரும்பினார், மறைந்தார். நான்கு நிமிஷம் கழித்து அதே பையோடு வெளியே வந்து போனார்.

"இவர் பாத்ரூம்தானே போறார். வலது பக்கம்தானே பாத்ரூம்? மேல ஓட்டுங்க" என்றார் மேனேஜர்.

கேமராக்காரன் ஓட்டவில்லை. ஒன்றும் தெரியாத மேனேஜரின் கண்ணுக்கு உண்மை சரியாகவே தெரிந்தது. எல்லாம் தெரிந்த இவன்தான் அதைக் கெடுத்தான். பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் கை சுத்தம், வேலை சுத்தம் என்று சொல்லித்தானே மச்சான் இவனை இங்கே சேர்த்துவிட்டார்? வேலையில் சொந்தம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

"இல்ல சார். கேமரா எதிர்ல இருந்து பாக்குது. நமக்கு வலது கைப் பக்கம் இருக்கிறது படத்துல இடது பக்கம் தெரியணும். இவர் படத்துல வலது பக்கம் போறார். அப்படின்னா..." என்று இழுத்தான்.

"அப்படின்னா ஸ்ட்ராங் ரூம்" என்று மேனேஜர் முடித்தார்.

மச்சான் சிரித்தார். அவருக்கு இன்னும் விஷயம் உறைக்கவில்லை. "நான் சாப்பாட்டு டப்பா கழுவப் போனேன் சார். பையில டப்பாதான்" என்றார்.

கேமராக்காரன் மறுபடி ஓட்டிக் காட்டினான். மெதுவாக ஒரு தடவை. அதைவிட மெதுவாக இன்னொரு தடவை. மூன்றாம் தடவை, அவர் திரும்புகிற இடத்தில் படத்தை நிறுத்தினான். "பாருங்க மச்சான். உள்ளங்கை நெல்லிக்கனி மாதிரி தெரியுது. கேமராவுக்குச் சொந்தமா பந்தமா, அது எதுக்குப் பொய் சொல்லப் போகுது?" என்றான். கொஞ்சம் கோபமாகவே சொன்னான். தன்னை இப்படி ஓர் இக்கட்டில் நிறுத்திவிட்டாரே என்ற கோபம்.

மச்சான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் விரல்கள் காற்றில் இடதும் வலதும் மாறி மாறிப் போய்வந்தன. அலுவலகத்தில் ஆரம்பித்து மனசுக்குள் நடந்து பார்த்தார் போலும்.

"நான் அங்கதான் போனேனா மாப்ள?"

"நீங்களே பாக்கறீங்களே."

"அப்படின்னா போயிருக்கேன் போல" என்றார் மச்சான். "எதுக்குப் போனேன்னுதான் தெரியல."

மேனேஜருக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று படத்தை நிறுத்தச் சொன்னார். இன்னும் பத்து நிமிஷம் ஓட விட்டிருந்தால், மேனேஜரே இரண்டேகாலுக்கு ஸ்ட்ராங் ரூமுக்குள் போவது படத்தின் இடது பக்கமாகத் தெரிந்திருக்கும். படம் இடம் வலம் மாறிக் கிடப்பது அப்போதே தெரிந்திருக்கும். பார்சலை எடுத்தவன் யாரோ, அவனும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் வந்து போயிருக்க வேண்டும். யாரும் ஓட விடவில்லை. மச்சான் வந்து போன துண்டை மட்டும் கேமராக்காரன் பென் டிரைவில் ஏற்றி மேனேஜரிடம் கொடுத்துவிட்டுத் தன் லேப்டாப்பிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டான். மிச்சத்தை முப்பது நாள் கழித்துப் பெட்டி அழித்துவிட்டது.

"உங்க முகத்துக்காகத்தான் போலீசுக்குப் போகாம விடறேன்" என்று மேனேஜர் கேமராக்காரனிடம் சொன்னார். மச்சான் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார். பையைத் திறந்து பார்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. தனக்கே அதற்குள் என்ன இருக்கும் என்று பயம் வந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை.

"கண்ணால் காண்பதும் பொய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று மனைவி அழுதாள்.

"அது கண்ணு. இது கேமரா" என்றான் அவன்.

அதன் பிறகு அவன் மச்சான் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவி மட்டும் போய் வந்தாள். வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு செய்தியோடு வந்தாள். அண்ணன் தெருமுனை வரை போய்விட்டு, கதவைப் பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிறாராம். வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று மறந்துவிடுவோமோ என்று வண்டியை விற்றுவிட்டாராம். வேறு வேலைக்குக் கூப்பிட்டால், "எனக்கு இப்பல்லாம் நான் என்ன செய்யறேன்னே தெரியறதில்ல, எதுக்கு வம்பு?" என்கிறாராம். டாக்டர் ஏதோ மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

"திருடினவனுக்கு மறதி ரொம்ப வசதி" என்றான் கேமராக்காரன் ஒரு நாள்.

மனைவி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசியபோதும் அண்ணனைப் பற்றிப் பேசவில்லை. அதோடு அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோனது. கேமராக்காரனுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

தொழிலும் வளர்ந்தது. அதுதான் இதில் இன்னும் கொடுமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் மேனேஜர் சொன்னார்: "சொந்த மச்சானையே விடல அந்த ஆளு. தலை போனாலும் நியாயத்தை விட மாட்டார்." அதைக் கேட்டு ஒரு தொழிற்சாலை கூப்பிட்டது, ஓர் ஆஸ்பத்திரி கூப்பிட்டது. நாற்பது கேமரா, அறுபது கேமரா என்று வேலை வந்தது. நேர்மையானவன் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு அவன் இரண்டு வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

இரண்டு வருஷம் கழித்து கிடங்கிலிருந்து போன் வந்தது. ஆறாவது கேமரா மங்கிப்போய்விட்டது, படமே தெரியவில்லை என்றார்கள். கண்ணாடிக்குள் ஈரம் இறங்கியிருக்கும், புதுசு மாட்டிவிடலாம் என்று போனான். பழையதைக் கழற்றி, அதே இடத்தில் அதே மாதிரி புதியதைத் தலைகீழாகத் தொங்கவிட்டான். மேனேஜர் அறைக்கு வந்து திரையைப் பார்த்தான். பெட்டியில் பழைய திருப்பம் அப்படியே இருந்ததால் புதிய கேமராவின் படமும் நிமிர்ந்தே வந்தது. இந்தத் தடவை தரை காய்ந்திருந்தது. வழக்கப்படி ஓர் ஆளை நடக்க வைக்க வேண்டும். கூட்டித் துடைக்கிற அம்மாதான் கையில் வாளியோடு நின்றாள்.

"அம்மா, அப்படியே உள்ள நடந்து பாத்ரூம் பக்கம் போங்க" என்று கத்தினான்.

அவள் நடந்தாள். படத்தின் வலது பக்கம் திரும்பி மறைந்தாள்.

"பாத்ரூம் பக்கம் போங்கம்மா. ஸ்ட்ராங் ரூம் பக்கம் இல்ல."

"பாத்ரூமுக்குள்ளதாம்பா நிக்கறேன்! கதவைத் திறந்துகிட்டு வந்து பாரு, வேணும்னா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவன் எழுந்து போய்ப் பார்த்தான். பாத்ரூமுக்குள்தான் நின்றாள். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பி வந்து மெனுவைத் திறந்தான். மேல்கீழ் மாற்றப்பட்டிருந்தது. இடவலம் மாற்றப்படவில்லை. அதைப் போட்டவன் அவன்தான். அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு வேறு யாருக்கும் தெரியாது.

லேப்டாப்பில் அந்தப் பழைய துண்டைத் தேடி எடுத்தான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்தில் தட்டினான். மச்சான் நடந்து வந்தார். கைக்கடிகாரம் வலது கையில் இருந்தது. மச்சான் ஒரு நாளும் வலது கையில் கடிகாரம் கட்டியதில்லை. சட்டைப்பை வலது நெஞ்சில் இருந்தது. எந்தத் தையல்காரரும் கம்பெனிச் சட்டைக்கு வலது நெஞ்சில் பை வைப்பதில்லை. இத்தனையும் அன்றைக்கும் திரையில்தான் இருந்தன. அன்றைக்கு எல்லார் கண்ணும் தோளில் தொங்கிய பையிலேயே இருந்தது. அவன் படத்தை இடவலமாகத் திருப்பி ஓட்டினான். மச்சான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனார். நான்கு நிமிஷம் கழுவிவிட்டு வந்தார். அவ்வளவுதான்.

கேமராக்காரன் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் மோவாயைத் தடவிக்கொண்டார்.

"யானைக்கும் அடி சறுக்கும். விடுங்க. பழைய கதையைக் கிளறி என்ன ஆகப்போகுது? வெளியே தெரிஞ்சா உங்க பேரும் போகும், என் பேரும் போகும். புதுக் கேமரா சரியா இருக்கில்ல? அது போதும்" என்றார்.

சறுக்கியது யானைதான், ஆனால் விழுந்தது மச்சான் அல்லவா? அவன் ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மேனேஜர் சொன்னதிலும் ஓர் உண்மை இருந்தது. இவன் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தொழிற்சாலைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள், எல்லாரும் அவனை நம்பிக்கொண்டே இருப்பார்கள். வண்டியில் உட்கார்ந்து அரை மணி நேரம் சாவியைத் திருகாமலே இருந்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் முதலில் சொல்லலாமா என்று பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தைரியம் வராது என்று தெரிந்தது. நேராக மச்சான் வீட்டுக்கே வண்டியை விட்டான்.

மச்சானின் மனைவி கதவைத் திறந்தாள். அவனுக்கு அவள் அக்கா முறை. இரண்டு வருஷத்தில் நிறைய நரைத்திருந்தாள்.

"வாங்க தம்பி" என்றாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உள்ளே சுவரெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. அடுப்புக்கு மேலே 'அணைத்தாயிற்றா?' கதவின் உள்பக்கம் 'சாவி எடுத்தாயிற்றா? பூட்டி இழுத்துப் பார்.' எல்லாம் மச்சானின் குண்டு குண்டான கையெழுத்து. பார்சல் மேல் முகவரி எழுதிப் பழகிய கை. ஜன்னலோர மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு நீள நோட்டு. அவனைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். நோட்டில் எதையோ எழுதிவிட்டு, "வாங்க மாப்ள, உக்காருங்க" என்றார்.

அவன் எட்டிப் பார்த்தான். '3.40. மாப்பிள்ளை வந்தார்.' அதற்கு மேலே, '3.15. மாத்திரை போட்டேன்.' அதற்கும் மேலே, '2.50. வாசல் கதவு பூட்டியிருக்கிறது, பார்த்தேன்.' '2.30. வாசல் கதவு பூட்டியிருக்கிறது, பார்த்தேன்.' பக்கம் முழுக்க அப்படியே இறங்கியது.

"எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கறார்" என்றாள் அக்கா. "இது ஒன்பதாவது நோட்டு."

"நாளைக்கு யாராவது வந்து அங்க போனியா, இங்க போனியான்னு கேட்டா சொல்லணுமில்ல?" என்றார் மச்சான் சாதாரணமாக.

கேமராக்காரன் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லாமலே திரும்பிவிடுவோம் என்று பயந்தான். "மச்சான், அன்னைக்கு நீங்க பாத்ரூமுக்குத்தான் போனீங்க. டப்பாதான் கழுவினீங்க. தப்பு என்னோடது. கேமராவை நான் தப்பா வெச்சிருந்தேன். இடம் வலம் மாறிடுச்சு" என்றான். லேப்டாப்பைத் திறந்து முதலில் பழைய படத்தை ஓட்டினான். கடிகாரம் எந்தக் கையில் இருக்கிறது என்று காட்டினான். பிறகு திருப்பிவிட்டு ஓட்டினான். இரண்டு கையையும் கூப்பினான்.

மச்சான் திரையைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

முதலில் வாயைத் திறந்தது அக்காதான். "எத்தனை தடவை எழுந்து எழுந்து கதவைப் பாத்திருக்கார் தெரியுமா தம்பி? நான் போகலடி, நான் போகலடின்னு முதல் மாசம் முழுக்கச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறந்திருப்பீங்கன்னு சொன்னேன். நானே சொன்னேன். உங்க வேலையில தப்பு வராதுன்னு நம்பி, நானே மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்." அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப என் தலைக்கு ஒண்ணும் இல்லையா மாப்ள?" என்று கேட்டார் மச்சான்.

"ஒண்ணும் இல்ல மச்சான். உங்க ஞாபகம்தான் சரி."

"போன வாரம் சோப்பு வாங்கினதை மறந்துட்டு மறுபடி வாங்கிட்டு வந்தேனே?"

"அது எல்லாரும் மறக்கறதுதான். நானும்தான் மறக்கறேன்."

"அது வேற மறதி, இது வேற மறதியா?" மச்சான் உண்மையாகவே கேட்டார். இவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார். இரண்டு வருஷமாகத் தன் தலையை நம்பாமலே பழகிவிட்ட மனிதருக்கு, இன்று சாயங்காலத்திலிருந்து நம்பிக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது?

"என்னை அடிங்க மச்சான். ரெண்டு வார்த்தை திட்டவாவது செய்ங்க" என்றான்.

மச்சான் திட்டவில்லை. "அன்னைக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்து, என்கூட அந்த நடையில ஒரு தடவை நடந்து பாத்திருக்கலாமே மாப்ள. பத்தடி தூரம்தானே" என்றார்.

அதைக் கேட்டதும் கேமராக்காரன் அழுதுவிட்டான். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். அக்கா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. "மேனேஜர் கிட்ட உங்களைக் கூட்டிட்டுப் போறேன். எல்லார் முன்னாலயும் நானே சொல்றேன். அந்தத் தொழிற்சாலையில, ஆஸ்பத்திரியில, எல்லா இடத்துலயும் சொல்றேன்" என்றான். மச்சான் தலையாட்டினார். ஆனால் அவர் கவனம் அதில் இல்லை. நோட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

கடிகாரத்தைப் பார்த்தார். நிதானமாக எழுதினார். எழுதி முடித்து, தப்பு இருக்கிறதா என்று விரலை வைத்து வாசித்துப் பார்த்தார். பிறகு நோட்டையும் பேனாவையும் கேமராக்காரன் பக்கம் நகர்த்தினார். '4.05. நான் அந்த அறைக்குப் போகவில்லை. பாத்ரூமுக்குத்தான் போனேன். மாப்பிள்ளை வந்து சொன்னார். படம் காட்டினார்.'

"இதுக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க மாப்ள" என்றார்.

"எதுக்கு மச்சான்?"

"நாளைக்குக் காலையில எழுந்தா, நீங்க நெஜமாவே வந்து சொன்னீங்களா, இல்ல நானே ஆசைப்பட்டு நெனச்சுக்கிட்டேனான்னு எனக்குச் சந்தேகம் வந்துடும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். கீழே பெயரையும் தெளிவாக எழுதினான். மச்சான் நோட்டை வாங்கி அதை உற்றுப் பார்த்தார். பிறகு அக்காவிடம் நீட்டினார்.

"நீயும் ஒண்ணு போடு" என்றார். "இவர் கையெழுத்தை நானே போட்டுக்கிட்டேனோன்னு தோணும்."